பெயரை எழுதியது யார்?

(ரிங்லெட்டில் பதிவு செய்யப்பட்ட தொலைக்காட்சி மன்ற நிகழ்ச்சியில், அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அரசாங்கமே பிள்ளைகளைப் பிடித்து, ‘ஒருவரை ஒருவர் கொல்லுங்கள், மிஞ்சுகிறவர் வீட்டுக்குப் போகலாம்’ என்று அனுப்பும் படங்களை நம் பிள்ளைகள் ஏன் இப்படி விழுந்து விழுந்து பார்க்கிறார்கள் என்பதுதான் இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. எனக்கு முன் பேசிய ஆசிரியர், இவை பிள்ளைகளின் மனத்தைக் கெடுக்கும், வீட்டில் அனுமதிக்கவே கூடாது என்றார். பெற்றோர்கள் பலமாகக் கை தட்டினீர்கள். பிள்ளைகள் தட்டவில்லை. அதையும் நான் கவனித்தேன்.

ஆசிரியர் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் அவர் விட்ட இடத்திலிருந்து என்னால் தொடங்க முடியவில்லை. நான் வேறோர் இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

பதினைந்து வயதுப் பையன்

தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தபோது, எங்கள் விரிவுரையாளர் ஒரு ஜப்பானியப் படத்தைப் போட்டுக் காட்டினார். ‘பேட்டல் ராயல்’ என்று பெயர். கோஷுன் தகாமி என்பவர் எழுதி 1999இல் வந்த நாவலை, 2000ஆம் ஆண்டில் கின்ஜி ஃபுகாசாகு படமாக எடுத்தார். ஒரு வகுப்பில் 42 மாணவர்கள். சுற்றுலா என்று சொல்லிப் பேருந்தில் ஏற்றுகிறார்கள். கண் விழித்துப் பார்த்தால் ஒரு தீவு. ஒவ்வொருவர் கழுத்திலும் வெடிக்கும் பட்டை. கையில் ஒரு பை. சிலர் பையில் துப்பாக்கி, சிலர் பையில் பானை மூடி. மூன்று நாளில் ஒருவர்தான் மிஞ்ச வேண்டும். இல்லாவிட்டால் எல்லாருடைய பட்டையும் வெடிக்கும். இது அந்த நாட்டின் சட்டம்.

படம் வந்தபோது ஜப்பானியப் பாராளுமன்றத்திலேயே எதிர்ப்புக் கிளம்பியது. 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் பார்க்கக் கூடாது என்றார்கள். நம் ஆசிரியர் சொன்ன அதே காரணம்தான்.

அந்த இயக்குநரின் கதையைக் கேளுங்கள். ஃபுகாசாகு பிறந்தது 1930இல். போர் முடிந்த 1945இல் அவருக்கு வயது 15. பள்ளிப் பிள்ளைகளை எல்லாம் ஜப்பானிய அரசு ஆயுதத் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பியிருந்த காலம். அவர் வேலை செய்த தொழிற்சாலையின் மீது குண்டு மழை பொழிந்தது. ஓட வழியில்லை. பிள்ளைகள் ஒருவர் உடம்புக்கு அடியில் ஒருவர் புகுந்து உயிர் தப்பப் பார்த்தார்கள். ஓய்ந்த பிறகு, செத்துப்போன சக மாணவர்களின் உடல்களை அப்புறப்படுத்தும் வேலை மிஞ்சிய பிள்ளைகளுக்கு வந்தது. பெரியவர்கள் சொன்னதெல்லாம் பொய் என்று தெரிந்துகொண்ட நாள் அதுதான் என்று பிற்காலத்தில் அவர் சொன்னார். எழுபது வயதில் இந்தப் படத்தை எடுத்தார். 2003இல் காலமானார்.

கவனியுங்கள், நேயர்களே. பதினைந்து வயதுப் பையனைப் பிணம் தூக்க வைத்த நாட்டில், பதினைந்து வயதாகாத பிள்ளை அதைத் திரையில் பார்க்கக் கூடாது என்றார்கள். ஆகவே அந்தப் படம் வெறும் கற்பனை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதை எடுத்தவர் நேரில் பார்த்துவிட்டு வந்தவர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே அரசுதான் அப்போது நம் மலாயாவையும் ஆண்டது. அது நம் தோட்டத்துப் பிள்ளைகளை என்ன செய்தது என்பதற்குத்தான் இப்போது வருகிறேன்.

தாப்பா ரோட்டைத் தாண்டிப் போன வண்டிகள்

இந்த ரிங்லெட்டிலிருந்து வளைந்து வளைந்து கீழே இறங்கினால் தாப்பா. அங்கிருந்து சற்றுத் தூரத்தில் தாப்பா ரோடு ரயில் நிலையம். நம்மில் பலர் அங்கே வண்டி ஏறியிருப்போம். அந்தத் தண்டவாளம் ஈப்போ, தைப்பிங் என்று வடக்கே போய், பாடாங் பெசார் வழியாகச் சயாமுக்குள் நுழைகிறது. 1943இல் சிலாங்கூர், நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஏற்றிக்கொண்டு அந்தப் பாதையில்தான் சரக்கு வண்டிகள் போயின. ஜன்னல் இல்லாத இரும்புப் பெட்டிகள். பல நாள் பயணம். பான்போங்கில் இறக்கி, அங்கிருந்து காட்டுக்குள் நடக்க வைத்தார்கள்.

சயாம் மரண ரயில் என்று நாம் சொல்வது இதைத்தான். சயாமின் நோங் பிலாடுக்கையும் பர்மாவின் தான்பியுசயாட்டையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் பாதை. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரண்டு முனைகளும் இணைந்தன. பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குக் கடல் வழி பத்திரமாக இல்லை. ஆகவே தரை வழி வேண்டும், அதுவும் உடனே வேண்டும்.

மலாயாவிலிருந்து கொண்டு போகப்பட்டவர்கள் 75,000 பேருக்கு மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். இதில் பிள்ளைகள் எங்கே வந்தார்கள் என்று கேட்பீர்கள். ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். சயாமிலிருந்து உயிரோடு திரும்பியவர்களைத் தேடி, கடந்த இருபது ஆண்டுகளில் பலர் பேட்டி எடுத்தார்கள். 2010இல் 83 வயதில் பேட்டி கொடுத்த தாத்தாவுக்கு 1943இல் என்ன வயது? பதினாறு. இன்றைய கணக்கில் படிவம் நான்கு. அதோ, முன்வரிசையில் இரண்டாவதாக உட்கார்ந்திருக்கும் தம்பியின் வயது.

முதலில் ஆசை, பிறகு எண்ணிக்கை

எப்படிப் போனார்கள்? முதலில் ஆசை காட்டினார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு இலவசம், மருத்துவம் இலவசம். வெள்ளைக்காரத் துரைமார்கள் ஓடிவிட்டார்கள். ரப்பர் வாங்க ஆளில்லை. வேலை இல்லை. பர்மா அரிசி வரவில்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டு, கோணிச் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்த சனங்களுக்கு ஒரு வெள்ளி பெரிய காசு. சிலர் தாங்களாகவே போனார்கள்.

மூன்று மாதம் கழிந்தது. யாரும் திரும்பவில்லை. தப்பி வந்த ஒருவர் இருவர் வாய் வழியாக விஷயம் பரவியது. அதற்குப் பிறகு யார் போவார்கள்? அப்போதுதான் பிடிக்கத் தொடங்கினார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, கொட்டகைக் கதவை மூடி, லாரியில் ஏற்றிய கதையைத் திரும்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் இவை எல்லாவற்றையும் விட முக்கியமான வழி ஒன்று இருந்தது. ‘உன் தோட்டத்திலிருந்து இத்தனை பேர் வேண்டும்’ என்று எண்ணிக்கை மட்டும் சொன்னார்கள். யார் யார் என்று சொல்லவில்லை. அதைத் தோட்டத்திலேயே முடிவு செய்துகொள்ளச் சொன்னார்கள்.

நேயர்களே, நான் பேச வந்ததே இந்த ஒரு விஷயத்தைத்தான். தோட்டத்தில் பெயர்ப் புத்தகம் யார் கையில்? கிராணி கையில். ஆளைத் தெரிந்தவர் யார்? கங்காணி. ஜப்பானியச் சிப்பாய்க்கு முனியாண்டியும் தெரியாது, மாரிமுத்துவும் தெரியாது. யாருக்குக் குடும்பம் பெரிது, எந்தப் பையனுக்கு அப்பா இல்லை, யார் எதிர்த்துப் பேசுவான், யாருக்காகப் பேச ஆளில்லை என்பதெல்லாம் நம்முடைய ஆளுக்குத்தான் தெரியும். ஆகவே எழுதும் வேலை நம்முடைய ஆளுக்கு வந்தது.

கிராணியை அரக்கன் என்று சொல்ல நான் வரவில்லை. எண்ணிக்கை குறைந்தால் அவர் பெயரே பட்டியலில் ஏறும். அவரும் பயந்த மனிதர். அந்தப் பயத்தின் மீதுதான் அந்த ஏற்பாடே நின்றது. லயத்தில் ஒரு வீட்டுக்காரர் கோழியைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அடுத்த வீட்டுப் பையன் பெயர் ஏறும். கொடுத்தவரைக் குறை சொல்ல முடியுமா? அவரும் ஒரு தகப்பன்தான். ஆனால் அந்தக் கணத்திலேயே இரண்டு வீடுகளும் ஒன்றுக்கொன்று எதிரியாகிவிட்டன. தீவுக்குப் போகும் முன்பே, லயத்து வாசலிலேயே போட்டி ஆரம்பமாகிவிட்டது.

அமெரிக்காவில் சூசன் காலின்ஸ் எழுதி 2008இல் வந்த ‘ஹங்கர் கேம்ஸ்’ கதையை மாணவர்கள் படமாகப் பார்த்திருப்பீர்கள். 12 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகள் பெயரைச் சீட்டுக் குலுக்கி எடுக்கிறார்கள். பொதுவான குலுக்கல் மாதிரித்தான் தெரியும். ஆனால் வீட்டில் அரிசி பருப்பு இல்லாத பிள்ளை, தானியத்துக்காகத் தன் பெயரைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். அப்படியானால் யார் பெயர் அதிகமாக விழும்? ஏழைப் பிள்ளையின் பெயர்தான். ஒரு வெள்ளிக்குச் சயாம் போனவர்களுக்கும் அந்தப் பிள்ளைக்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தார். இந்திய தேசிய ராணுவம் புத்துயிர் பெற்றது. தோட்டத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். அக்டோபரில் தொடங்கிய ஜான்சிராணிப் படையில் பால்வெட்டிய பெண் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். நெஞ்சில் நாட்டுப் பற்றோடு போனவர்கள் ஏராளம். அவர்களை வணங்குகிறேன். ஆனால் சயாமுக்குப் போகாமல் தப்ப இதுதான் வழி என்று சீருடை போட்டவர்களும் உண்டு. ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் போர்க்களம். பதினாறு வயதில் ஒருவனுக்கு முன்னால் வைக்கப்பட்ட இரண்டு கதவுகள் அவை.

காட்டில் நடந்தது

காட்டுக்குள் என்ன நடந்தது? மூங்கில் கொட்டகை, அத்தாப்புக் கூரை, இடுப்பளவு சேறு. 1943இல் வேலையை விரைவுபடுத்தினார்கள். மழைக் காலம் வந்தது. கூடவே வாந்திபேதி வந்தது. ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடித்தவர்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். காலில் புண் வந்தால் எலும்பு தெரியும் வரை அரிக்கும். வேலைக்குப் போக முடியாத நோயாளிக்குச் சாப்பாடு குறையும். சாப்பாடு குறைந்தால் நோய் கூடும். ‘எழுந்து நிற்க முடிந்தவன் பிழைப்பான்’ என்பதுதான் அங்கே விதி.

இங்கே ஒரு கணக்கை உங்கள் முன் வைக்கிறேன். அதே பாதையில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். இறந்தவர்கள் 12,000 பேருக்கு மேல். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், சாவகத்தார் என்று ஆசியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர். இறந்தவர்கள் 80,000 முதல் 90,000 வரை, அதற்கும் மேலே இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். ஐந்தில் இரண்டு பேர், அதற்கு மேலும்.

காடு ஒன்று, மழை ஒன்று, அடித்த கை ஒன்று. அப்படியிருக்க ஏன் இந்த வேறுபாடு?

போர்க் கைதிகள் படையாக வந்தவர்கள். அவர்களுக்கு அதிகாரி இருந்தார், மருத்துவர் இருந்தார். தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே என்று சொல்ல ஆள் இருந்தது. அதிகாரிகள் தங்களுக்குக் கிடைத்த சொற்பப் பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு நோயாளிகளுக்கு முட்டையும் மருந்தும் வாங்கினார்கள். நம் சனங்கள் பத்துத் தோட்டத்திலிருந்து பத்துப் பத்துப் பேராகப் பிடித்து வரப்பட்டவர்கள். தலைவர் கிடையாது. மருத்துவர் பெரும்பாலும் கிடையாது. பக்கத்தில் படுத்திருப்பவன் யார் என்றே தெரியாது. அவனுக்கு வாந்திபேதி என்றால் விலகி ஓடத்தான் தோன்றும். தனியாகக் காட்டுக்குள் தப்பி ஓடியவர்களில் எத்தனையோ பேர் காட்டிலேயே முடிந்தார்கள்.

ஆக, ‘தன்னைத் தான் பார்த்துக்கொள்’ என்ற விதிக்கு முழுதாக விடப்பட்டவர்கள்தான் அதிகம் செத்தார்கள். கூடி நிற்க முடிந்தவர்களிடம் சாவு குறைவாக இருந்தது. போட்டி போட்டால் வலியவன் பிழைப்பான் என்பார்கள். அந்தக் காடு காட்டிய பாடம் வேறு.

‘பேட்டல் ராயல்’ படத்தில் ஒரு காட்சி. கலங்கரை விளக்கம் ஒன்றில் சில தோழிகள் ஒன்றாகப் பதுங்கி, ஒன்றாகச் சமைக்கிறார்கள். ஒருத்தி ஒரு தட்டில் விஷம் வைக்கிறாள். குறி வேறு ஒருவனுக்கு. அதைச் சாப்பிட்டவள் வேறொருத்தி. அடுத்த நிமிடம் எல்லாரும் எல்லாரையும் சந்தேகிக்கிறார்கள். துப்பாக்கிகள் வெடிக்கின்றன. அரசாங்கத்து ஆள் ஒருவர்கூட அந்த அறையில் இல்லை.

தன் பிள்ளைகளையும் விடவில்லை

அடுத்தவன் பிள்ளையைத்தானே அனுப்பினார்கள் என்று யாராவது நினைத்தால், ஓகினாவாவைப் பாருங்கள். 1945இல் அமெரிக்கப் படை அந்தத் தீவில் இறங்குவதற்குச் சற்று முன், ஜப்பானிய ராணுவம் இரண்டு பெண்கள் பள்ளிகளிலிருந்து 222 மாணவிகளையும் 18 ஆசிரியர்களையும் போர் மருத்துவமனை வேலைக்குக் கொண்டு போனது. ஹிமேயுரி மாணவிகள் என்று அவர்களைச் சொல்வார்கள். வயது 15 முதல் 19 வரை. குகைகளுக்குள் காயம்பட்ட சிப்பாய்களைப் பார்த்துக்கொண்டார்கள். ஜூன் 18ஆம் தேதி, சுற்றிலும் குண்டு விழும்போது, ‘படை கலைக்கப்பட்டது, இனி அவரவர் முடிவு’ என்று கட்டளை வந்தது. வெளியே போர்க்களம். அந்த 240 பேரில் 136 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் அந்தக் கட்டளைக்குப் பிறகு இறந்தவர்கள்.

‘அவரவர் முடிவு’. தோட்டத்துக் கிராணியிடம் சொன்னதும் அதுதான். காட்டில் நோயாளியிடம் சொன்னதும் அதுதான். தன் சொந்தப் பெண் பிள்ளைகளிடம் சொன்னதும் அதுதான்.

மாணவர்களே, உங்களுக்கு

இப்போது ஆசிரியர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இந்தப் படங்களைப் பிள்ளைகள் பார்க்கலாமா? வயது வரட்டும், பெரியவர்களோடு உட்கார்ந்து பாருங்கள் என்பேன். ஆனால் ஒரு நிபந்தனை. யார் ஜெயித்தார்கள் என்று மட்டும் பார்க்காதீர்கள். விதியை எழுதியது யார், பெயரை எழுதியது யார், எழுத மறுத்தது யார் என்று பாருங்கள்.

பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் இந்தக் கதைகளை விரும்புவதற்குக் காரணம் ரத்தம் மட்டும்தான் என்று முடிவு கட்டாதீர்கள். ‘பக்கத்து வீட்டுப் பிள்ளையை முந்து, இல்லாவிட்டால் நீ காலி’ என்று காலையில் எழுப்பும்போதே சொல்கிறோம். எஸ்.பி.எம். தேர்வு வரை அதே பாட்டு. படிப்பில் போட்டி தேவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் நோட்டைக் கேட்கும் கூட்டாளிக்குக் கொடுக்காதே என்று சொல்கிறோமே, அங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். அந்தப் பிள்ளை திரையில் தீவைப் பார்க்கும்போது, அது தனக்குத் தெரிந்த இடம் என்று நினைக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். காஞ்சனபுரிக்குச் சுற்றுலா போகிறவர்கள் அங்கே நேச நாட்டுப் போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டத்தைப் பார்ப்பீர்கள். ஏறக்குறைய 7,000 கல்லறைகள். பச்சைப் புல், வெட்டிய பூச்செடி, பெயர், வயது, படைப் பிரிவு. பார்க்கும்போது நெஞ்சு கனக்கும். ஆனால் நம் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு கல்லறைத் தோட்டம் இல்லை. குழியில் போட்டார்கள், ஆற்றில் விட்டார்கள், எரித்தார்கள். ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ எழுதினார். அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ எழுதினார். அண்மை ஆண்டுகளில் நம் மலேசியத் தமிழர்கள் சிலர் முயன்று அங்கே ஒரு நடுகல்லும் நட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி. இருந்தாலும் ஒவ்வொருவர் பெயரும் அந்தக் கல்லில் ஏற வேண்டுமானால், பெயர் முதலில் நம் வீட்டிலிருந்து வர வேண்டும்.

சயாமைப் பார்த்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்களை விரல் விட்டு எண்ணலாம். அவர்கள் பிள்ளைகளுக்கே வயதாகிவிட்டது. ஆகவே மாணவர்களே, பள்ளி விடுமுறையில் உங்கள் வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள். “தாத்தா, நம் சொந்தத்தில் யாராவது சயாமுக்குப் போனார்களா?” “பாட்டி, அவர் பெயர் என்ன? எந்தத் தோட்டம்? என்ன வயது? திரும்பி வந்தாரா?” இந்த நாலு கேள்வி போதும். பாட்டி அழுதால் அவசரப்படுத்தாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். கிடைத்ததை ஒரு நோட்டில் எழுதி, தேதி போட்டு, உங்கள் தமிழ்ப்பள்ளியில் ஒரு பிரதி கொடுங்கள்.

அன்றைக்கு அந்தப் பிள்ளைகளின் பெயரை எழுதியவர்கள், அனுப்புவதற்காக எழுதினார்கள். இன்றைக்கு நீங்கள் எழுதுவது அவர்களை வீட்டுக்குக் கூப்பிடுவதற்காக. இந்த வாரமே தொடங்குங்கள்.